சொந்தமாகத் தயாரித்த டாக் பாலிமரேஸ்: ஜெல்லில் பேண்டு தடிமன், பி.சி.ஆரில் வெறும் ஸ்மியர்

கல்லணைக்கால்வாய்

எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்றிலிருந்து கேட்கிறேன். சி.ஆர். 1009 சப்-1 நெல்லோடு செய்த கலப்பினங்களில் வெள்ளம் தாங்கும் சப்-1 மரபணு யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று இலை டி.என்.ஏ.வில் பார்க்கவேண்டும். சம்பா நாற்று நடுவதற்குள் ஆயிரக்கணக்கில் ரியாக்ஷன் ஓடவேண்டியிருப்பதால் பி.சி.ஆரில் (டி.என்.ஏ. துண்டைப் பன்மடங்காக்கும் முறை) நகலெடுக்கும், சூடு தாங்கும் என்சைமான டாக் பாலிமரேஸை இங்கேயே தயாரித்தோம்.

செய்முறை இதுதான். ஈ.கோலைக்கு ஏற்றபடி கோடான் மாற்றிய டாக் மரபணு, பெட் வெக்டர் (மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்), ஆம்பிசிலின். ஸ்ட்ரெயின் பி.எல்.21 டி.இ.3. ஒரு லிட்டர் எல்.பி., 37 டிகிரி, ஓ.டி. (செல் வளர்ந்த கலங்கல் அளவு) 0.7 வந்ததும், புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி. 1 மில்லிமோலார், 4 மணி நேரம். பெல்லட்டை 30 மி.லி. பஃபரில் கரைத்து (ட்ரிஸ் 50 மில்லிமோலார் பி.ஹெச். 8, உப்பு 300, இமிடசோல் 10) லைசோசைம் போட்டு சோனிகேட் செய்தோம். ஈ.கோலை புரதங்கள் திரிந்து இறங்க, அப்படியே பீக்கரில் 75 டிகிரி வாட்டர்பாத்தில் 30 நிமிடம். சென்ட்ரிஃப்யூஜ், பிறகு நிக்கல் காலம் (டாக்கில் சேர்த்த ஹிஸ் டேக் என்ற ஹிஸ்டிடின் வாலைப் பிடிக்கும் ரெசின் குழாய்), 250 மில்லிமோலார் இமிடசோலில் எலூஷன் (ஒட்டிய புரதத்தைக் கழற்றி எடுத்தல்). வந்த 10 மி.லி.யோடு சம அளவு கிளிசரால் கலந்து மைனஸ் 80-ல் வைத்தாயிற்று.

கிளிசரால் கலந்த பிறகு செறிவு மி.லி.க்கு 2 மி.கி. இருக்கிறது. 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.1. எஸ்.டி.எஸ். ஜெல்லில் 94 கிலோடால்டனில் நல்ல தடிமன் பேண்டு. ஆனால் 25 மைக்ரோலிட்டர் பி.சி.ஆரில் 1 மைக்ரோலிட்டர் போட்டால் ஜெல் கிணற்றிலிருந்து கீழ்வரை ஸ்மியர் (தனி பேண்டு இல்லாமல் நீளமான தீற்றல்). கடையில் வாங்கிய டாக்கில் அதே டி.என்.ஏ., அதே பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் குட்டி டி.என்.ஏ.) சுத்தமாக வருகிறது. இன்னொன்று, 16 எஸ் (பாக்டீரியா எல்லாவற்றிலும் உள்ள மரபணு) பிரைமர் போட்டால் டெம்ப்ளேட் (நகலெடுக்க வேண்டிய டி.என்.ஏ.) இல்லாத டியூபிலும் பேண்டு வருகிறது. எங்கே கோளாறு?

---

குடமுருட்டி

கணக்குப் போட்டுப் பாருங்க, பதில் அதுலயே இருக்கு.

சுத்தமான டாக் ஒரு மி.கி.யில சுமார் இரண்டரை லட்சம் யூனிட் இருக்கும். மி.லி.க்கு 2 மி.கி. என்றால் ஒரு மைக்ரோலிட்டர்ல 500 யூனிட். உங்க தயாரிப்பில பாதிதான் வேலை செய்யுதுன்னு வெச்சுக்கிட்டாலும் 250. ஒரு ரியாக்ஷனுக்கு வேணுங்கிறது அரை யூனிட்டிலேருந்து ஒரு யூனிட் வரைக்கும்தான்.

மூலக்கூறு எண்ணிக்கையில பார்த்தா இன்னும் நல்லா புரியும். 2 மைக்ரோகிராம் டாக் என்றால் 21 பிகோமோல். பிரைமர் ஒவ்வொண்ணும் 0.4 மைக்ரோமோலார்ல 25 மைக்ரோலிட்டருக்கு 10 பிகோமோல்தான் போட்டிருப்பீங்க. ஒவ்வொரு பிரைமரைவிடவும் என்சைம் இரண்டு மடங்கு. எங்க டி.என்.ஏ. தெரிஞ்சாலும் போய் ஒட்டிக்கும், பொருந்தாத பிரைமரையும் நீட்டும். ஓடி முடிஞ்ச பிறகும் டி.என்.ஏ.வை விடாது, அதனாலதான் கிணத்துலயே நிக்குது.

கடையில விக்கிற, மைக்ரோலிட்டருக்கு 5 யூனிட் உள்ள டாக் உண்மையில மி.லி.க்கு 0.02 மி.கி. அளவுதான். நீங்க அதோட நூறு மடங்கு கெட்டியா வெச்சிருக்கீங்க. என்சைம்ல குறை இல்லை, நீர்க்காம போட்டதுதான் குறை.

---

அரசலாறு

குடமுருட்டி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஆனா தம்பி, நீர்க்கிறேன்னு சொல்லி வெறும் தண்ணியிலயோ ட்ரிஸ்லயோ கலந்துடாதீங்க. உங்க பஃபர்ல டிடர்ஜென்ட்டே இல்லையே! ட்வீன் 20 அல்லது என்.பி.40 மாதிரி அயனியில்லா டிடர்ஜென்ட் இல்லாம டாக்கை நீர்த்தா, டியூப் சுவர்லயும் டிப்லயும் ஒட்டிக்கிட்டு ஆக்டிவிட்டி பாதாளத்துக்குப் போயிடும். அப்புறம் "நீர்த்தா வேலை செய்யலை, கெட்டியா போட்டா ஸ்மியர்" அப்படின்னு இன்னொரு இழை தொடங்குவீங்க.

ஸ்டோரேஜ் பஃபர் இப்படி வைங்க: ட்ரிஸ் 20 மில்லிமோலார் பி.ஹெச். 8.0, பொட்டாசியம் குளோரைடு 100 மில்லிமோலார், ஈ.டி.டி.ஏ. 0.1 மில்லிமோலார், டி.டி.டி. 1 மில்லிமோலார், ட்வீன் 20 அரை சதவீதம், என்.பி.40 அரை சதவீதம், கிளிசரால் 50 சதவீதம். என்.பி.40 இப்போ அதே பேர்ல கிடைக்கிறது கஷ்டம், இகேபால் சி.ஏ. 630 வாங்கிக்கலாம்.

கிளிசராலைப் பிப்பெட்டால அளக்காதீங்க. பாதி டிப் சுவர்லயே நின்னுடும். தராசுல வைங்க. 100 மி.லி. பஃபருக்கு 50 மி.லி. கிளிசரால் என்பது 63 கிராம்.

டைட்ரேஷன் (எந்த நீர்த்தல் சரின்னு படிப்படியா பார்க்கிறது) செய்ய: முதல்ல இந்த பஃபர்ல 1:50. அதிலேருந்து 1:100, 1:200 என்று இரட்டிப்பா 1:6400 வரைக்கும். ஒவ்வொண்ணுலயும் 1 மைக்ரோலிட்டர் எடுத்து 25 மைக்ரோலிட்டர் ரியாக்ஷன். டெம்ப்ளேட்டுக்கு லாம்டா டி.என்.ஏ. 0.1 நானோகிராம், 500 பேஸ் நீளமுள்ள துண்டு, 22 சுழற்சி. 35 சுழற்சி விட்டீங்கன்னா நல்ல என்சைமும் சோப்ளாங்கி என்சைமும் ஒரே உயரத்துக்கு வந்து நிக்கும், வித்தியாசமே தெரியாது. பக்கத்துல கடை டாக் ஒரு யூனிட், அரை யூனிட், கால் யூனிட் போட்டு வைங்க. கடைசியா தெளிவா பேண்டு வந்த நீர்த்தல் எதுவோ, அதைவிட நாலு மடங்கு கெட்டியா வொர்க்கிங் ஸ்டாக் வைங்க.

---

வெண்ணாறு

நீர்த்தல் முதல் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் செய்முறையில் வேறு சிலவும் இருக்கின்றன. அவை இன்று தொல்லை தராவிட்டாலும் அடுத்த பேட்சில் தரும்.

வெப்பப் படி. 30 மி.லி.யை பீக்கரில் வைத்து 75 டிகிரி வாட்டர்பாத்தில் இறக்கினால், உள்ளே 75 வருவதற்கே பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். புரதம் கட்டியாகத் திரிந்ததும் நடுப்பகுதிக்கு வெப்பம் இன்னும் மெதுவாகப் போகும். 15 மி.லி. டியூப்களில் 5 மி.லி. வீதம் பிரித்து வையுங்கள். ஒரு டியூபில் வெறும் பஃபர் ஊற்றி அதில் வெப்பமானியைச் செருகி, அது 75-ஐத் தொட்டபின் கடிகாரத்தைத் தொடங்குங்கள். அதிலிருந்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். இடையிடையே தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கவும். எடுத்தவுடன் சென்ட்ரிஃப்யூஜ் செய்யாமல் ஐஸில் அரை மணி நேரம் வைத்தால் திரிந்த புரதம் இறுகிச் சேரும். 12,000 ஜி-யில் 20 நிமிடம் சுற்றினால் மேல்நீர் கண்ணாடிபோல் இருக்கும். பால்போல் கலங்கலாக இருந்தால் காலத்தில் ஏற்றாதீர்கள், மேற்பரப்பு அடைத்துக்கொள்ளும்.

அடுத்து 260/280. டாக் மட்டும் இருந்தால் 0.6 சுற்றி இருக்கவேண்டியது 1.1 காட்டுகிறது என்றால் நியூக்ளிக் அமிலம் கூடவே வந்திருக்கிறது. உங்கள் 16 எஸ் பேண்டுக்கு அதுதான் மூலம். டாக் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதம், அது காலத்தில் ஒட்டும்போது ஈ.கோலை டி.என்.ஏ.வையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. இமிடசோல் 20 போட்டுக் கழுவினாலும் அது போகாது. அதை விடுவிக்க உப்பு வேண்டும். இமிடசோல் 20 மில்லிமோலாரோடு சோடியம் குளோரைடு 1 மோலார், காலம் கொள்ளளவின் இருபது மடங்கு விட்டுக் கழுவுங்கள். அவசரப்படாமல் சொட்டுச் சொட்டாகப் போகட்டும். ஹிஸ் டேக்குக்கும் நிக்கலுக்கும் உள்ள பிடி அந்த உப்பில் தளராது.

மூன்றாவது, 250 மில்லிமோலார் இமிடசோலை அப்படியே விட்டுவைத்திருக்கிறீர்கள். அதுவும் பி.சி.ஆரைக் கெடுக்கும்.

---

குடமுருட்டி

கடைசிப் பாயிண்ட்ல மட்டும் ஒத்துக்க மாட்டேன் சார். கிளிசரால் கலந்த பிறகு இமிடசோல் 125. ஒரு மைக்ரோலிட்டர் 25-ல போனா 5 மில்லிமோலார். உப்பு 6 மில்லிமோலார். நூறு மடங்கு நீர்த்தா இரண்டுமே இல்லாத மாதிரிதான். பி.சி.ஆர். இதுக்கெல்லாம் சாயாது.

டயாலிசிஸ் (பையில வெச்சு பஃபரை மாத்துறது) வேணும், ஆனா காரணம் வேற. நிக்கல் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு எலூஷன்ல வந்திருக்கும். அதை ஈ.டி.டி.ஏ. பிடிக்கணும். இமிடசோலோட மாசக்கணக்கில வைக்கிறதும் நல்லதில்லை. முக்கியமா, உங்க எலூஷன் பஃபர்ல டி.டி.டி., டிடர்ஜென்ட் இரண்டுமே கிடையாது.

---

வெண்ணாறு

கணக்கு சரி, ஏற்றுக்கொள்கிறேன். டயாலிசிஸ் சேமிப்புக்காக என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் கிளிசரால் இல்லாத பஃபரில், 10 மி.லி.க்கு ஒரு லிட்டர், 4 டிகிரியில் ஓர் இரவு. அடுத்து 50 சதவீதம் கிளிசரால் உள்ள ஸ்டோரேஜ் பஃபரில் இன்னோர் இரவு. இரண்டாவதில் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு பையில் இருக்கும் அளவு பாதிக்கும் கீழே சுருங்கும். பை கசிந்துவிட்டது என்று நினைத்துப் பதற வேண்டாம், செறிவு ஏறியிருக்கிறது என்று பொருள். பையைக் கட்டும்போது காற்றிடம் விடாமல் கட்டினால் போதும். ஈ.டி.டி.ஏ.வும் டி.டி.டி.யும் காலத்துக்குப் பிறகுதான், முன்னால் சேர்க்கக்கூடாது. ஈ.டி.டி.ஏ. நிக்கலை உருவிக்கொண்டு போகும், டி.டி.டி. ரெசினைப் பழுப்பாக்கிவிடும்.

---

கொள்ளிடம்

காலமே எதுக்குங்க? டாக்குக்கு நிக்கல் காலம் போடுறது, கொசுவுக்குப் பீரங்கி வெக்கிற கதை. அமோனியம் சல்பேட் முறையில எத்தனையோ லேப் ஓட்டுது.

ஒரு லிட்டர் கல்ச்சர் பெல்லட்டை ட்ரிஸ் 50, குளுக்கோஸ் 50, ஈ.டி.டி.ஏ. 1 மில்லிமோலார் உள்ள பஃபர்ல கழுவி, அதே பஃபர் 50 மி.லி.யில மி.லி.க்கு 4 மி.கி. லைசோசைம் போட்டு ரூம் டெம்பரேச்சர்ல 15 நிமிஷம். பிறகு சம அளவு லைசிஸ் பஃபர்: ட்ரிஸ் 10, பொட்டாசியம் குளோரைடு 50, ஈ.டி.டி.ஏ. 1, புரதத்தை வெட்டுற என்சைமைத் தடுக்கிற பி.எம்.எஸ்.எஃப். 1 மில்லிமோலார், ட்வீனும் என்.பி.40-யும் அரை அரை சதவீதம். 75 டிகிரி ஒரு மணி நேரம். சுத்தி எடுத்த மேல்நீர் 100 மி.லி.க்கு அமோனியம் சல்பேட் 30 கிராம், கலக்கிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா. திரும்பச் சுத்துங்க.

இங்கதான் பலபேர் கோட்டை விடுறாங்க. டிடர்ஜென்ட் இருக்கிறதால புரதம் எல்லாம் அடியில போய் உட்காராது. பாதிக்கு மேல, ஆறின பால்ல ஆடை படிஞ்ச மாதிரி மேலேயே மிதக்கும். மேல்நீரைச் சாய்ச்சுக் கொட்டினா டாக்கும் சேர்ந்து சிங்க்குக்குப் போயிடும். முதல்ல ஸ்பேச்சுலாவால மேல் ஆடையை வழிச்சு எடுத்துக்கிட்டு, பிறகு நீரை வடிச்சு, அடிப் பெல்லட்டையும் சேர்த்துக் கரைங்க. பி.எம்.எஸ்.எஃப். தண்ணியில சீக்கிரம் செத்துப் போயிடும், பி.ஹெச். 8-ல ஒரு மணி நேரம்கூட முழுசா தாங்காது. ஐசோபுரோபனால்ல 100 மில்லிமோலாரா வெச்சு, கடைசி நிமிஷத்துல சேருங்க. விஷம், கிளவுஸ் கட்டாயம்.

செலவு? காலம், ரெசின், நிக்கல் கழிவு எதுவும் இல்லை.

---

அரசலாறு

கொள்ளிடம் சொல்றது நெல் குறியீட்டுக்கு மட்டும்னா சரி. சப்-1 பிரைமருக்கு ஈ.கோலையில இடமே கிடையாது, பாக்டீரியா டி.என்.ஏ. இருந்தாலும் கவலையில்லை. ஆனா அமோனியம் சல்பேட்ல வர்ற டாக்ல ஈ.கோலை டி.என்.ஏ. தாராளமா இருக்கும். அதே ஃப்ரீசர்லேருந்து நாளைக்கு ஒருத்தர் மண் பாக்டீரியா 16 எஸ் பார்க்கிறேன்னு எடுத்துக்கிட்டுப் போவாரு. அவரோட முடிவெல்லாம் ஈ.கோலைன்னு வரும், இல்லேன்னா அதைவிட மோசம், பாதி ஈ.கோலை பாதி மண்ணுன்னு வரும். அவர் மேல தப்பே இல்லை.

அதனால டியூப் மேல "தாவரத்துக்கு மட்டும்" என்று எழுதி வைங்க. இல்லேன்னா டி.என்.ஏ.வை அழிச்சுட்டு வைங்க.

அழிக்க வழி: செல்லை உடைக்கிற லைசிஸ் நேரத்துல, டி.என்.ஏ.வை வெட்டுற டி.என்.ஏஸ்-1, மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், மெக்னீசியம் 5 மில்லிமோலார், ரூம் டெம்பரேச்சர்ல அரை மணி நேரம். ஆனா அந்த நேரத்துல உப்பு 300 இருக்கக்கூடாது. டி.என்.ஏஸ்-1 உப்பைப் பார்த்தா சோம்பிடும். முதல்ல உப்பு 50-க்குள்ள வெச்சு வெட்டவிட்டு, பிறகு 300 ஆக்கி வெப்பப் படிக்குப் போங்க. ஈ.டி.டி.ஏ.வும் இருக்கக்கூடாது, அதனால கொள்ளிடம் சொன்ன பஃபர்ல இது நடக்காது. 75 டிகிரியில டி.என்.ஏஸ் சாகும், மிச்சம் இருந்தா காலம் கழுவல்ல போகும்.

போயிடுச்சான்னு பார்க்காம நம்பாதீங்க. ஒரு மைக்ரோகிராம் பிளாஸ்மிட், உங்க என்சைம் 1 மைக்ரோலிட்டர், பி.சி.ஆர். பஃபர்ல 37 டிகிரி ஓர் இரவு. என்சைம் போடாத டியூப் ஒண்ணு பக்கத்துல. காலையில இரண்டையும் ஜெல்ல ஓட்டுங்க. சூப்பர்காயில் (வெட்டுப்படாம முறுக்கின பிளாஸ்மிட்) பேண்டு அப்படியே இருந்தா நியூக்ளியேஸ் இல்லை.

---

வெண்ணாறு

பாலிஎத்திலீன்இமைன், அதாவது பி.இ.ஐ. முறையையும் சிலர் சொல்வார்கள். டி.என்.ஏ. நன்றாக இறங்கும், உண்மை. ஆனால் உப்பு குறைவாக இருந்தால் டி.என்.ஏ.வோடு டாக்கும் சேர்ந்து இறங்கிவிடும். உப்பைக் கூட்டினால் புரதம் மேலே நிற்கும், ஆனால் பி.இ.ஐ. எச்சமும் கூடவே நிற்கும். அதை அமோனியம் சல்பேட்டால் பிரிக்காவிட்டால் பி.சி.ஆர். ஓடாது. டி.என்.ஏஸ் கையில் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி தேவையில்லை என்பது என் கருத்து.

---

கொள்ளிடம்

டி.என்.ஏஸ் விலை?

---

அரசலாறு

ஒரு லிட்டர் கல்ச்சருக்கு அரை மி.கி.கூட ஆகாது. ஆர்.என்.ஏஸ் இல்லாத உயர்தர டி.என்.ஏஸ் வாங்கத் தேவையில்லை, மாட்டுக் கணையத்திலேருந்து வர்ற சாதாரணப் பொடி போதும்.

---

கல்லணைக்கால்வாய்

எல்லாருக்கும் மிக்க நன்றி. அரசலாறு அக்கா சொன்ன பஃபரில் நீர்த்துப் பார்த்ததில் சப்-1 பேண்டு சுத்தமாக வருகிறது, ஸ்மியர் போய்விட்டது. 1:800-லும் பேண்டு தெரிகிறது. 16 எஸ்-சில் வெற்று டியூப் பேண்டு மங்கியிருக்கிறது, ஆனால் முழுதும் போகவில்லை.

இரண்டு கேள்வி. ஜெல்லைத் திரும்ப உற்றுப் பார்த்ததில் 94-க்குக் கீழே 60 பக்கத்தில் மெல்லிய பேண்டு, 14 பக்கத்தில் இன்னொன்று. புரதம் உடைகிறதா? ஹிஸ் டேக் என்-முனையில் இருக்கிறது. இன்னொன்று, பி.சி.ஆர். பஃபரையும் நாங்களே செய்யலாமா?

---

குடமுருட்டி

மங்கினதுக்குக் காரணம்: நூறு மடங்கு நீர்த்தா கூட வந்த ஈ.கோலை டி.என்.ஏ.வும் நூறு மடங்கு குறையும், அதாவது ஆறேழு சுழற்சி தள்ளிப்போகும். 35 சுழற்சி ஓட்டினா எட்டிப் பிடிச்சிடும். பழைய பேட்ச்சை நெல்லுக்கு வெச்சுக்கோங்க, 16 எஸ்-க்கு டி.என்.ஏஸ் போட்டுப் புது பேட்ச்.

14 கிலோடால்டன் உங்க லைசோசைம். முட்டை வெள்ளையிலேருந்து வர்றது, கொஞ்சம் சூடு தாங்கும். விடுங்க.

60 யோசிக்க வேண்டியது. டாக்கோட என்-முனையில சுமார் 289 அமினோ அமிலம் போனா 61 கிலோடால்டன் துண்டு மிஞ்சும், ஸ்டாஃபெல் துண்டுன்னு சொல்வாங்க. பாலிமரேஸ் வேலையை அது நல்லாவே செய்யும். 5 முனையிலேருந்து வெட்டுற எக்சோநியூக்ளியேஸ் மட்டும் போயிடும். சாதாரண பி.சி.ஆருக்கு நஷ்டமில்லை, அந்த வெட்டுலதான் ஒளிர்ற டாக்மேன் புரோப் வெச்சு ரியல்டைம் ஓட்டினா சிக்னலே வராது.

ஆனா உங்க டேக் என்-முனையில. அந்த முனை போன துண்டு காலத்தில ஒட்டவே கூடாதே! அப்போ இரண்டு வழிதான். காலத்துக்குப் பிறகு உடைஞ்சிருக்கணும், இல்லேன்னா அது டாக்கே இல்லை, வெப்பப் படியில முழுசா இறங்காம தப்பிச்ச ஈ.கோலை புரதம். வெண்ணாறு சார் சொன்ன பீக்கர் விஷயம் ஞாபகம் இருக்கா? பிரிச்சுப் பார்க்க லேசான வழி இருக்கு. 50 மைக்ரோலிட்டரை எடுத்து 75 டிகிரியில திரும்ப அரை மணி நேரம் வெச்சுச் சுத்தி, மேல்நீரை ஜெல்ல ஓட்டுங்க. பேண்டு காணாமப் போனா ஈ.கோலை சரக்கு. அப்படியே நின்னா டாக் துண்டு.

செறிவை பிராட்ஃபோர்டுல அளந்தீங்களா? இனிமே ஸ்டோரேஜ் பஃபர்ல டிடர்ஜென்ட் இருக்கும், பிராட்ஃபோர்டு பொய் சொல்லும். டயாலிசிஸுக்கு முன்னாடி 280-ல அளந்து குறிச்சு வைங்க.

---

வெண்ணாறு

பஃபர் செய்யலாம், செய்யவும் வேண்டும். பத்து மடங்கு பஃபர்: ட்ரிஸ் 100 மில்லிமோலார் பி.ஹெச். 8.3, பொட்டாசியம் குளோரைடு 500, மெக்னீசியம் குளோரைடு 15. இன்னொரு வகை: ட்ரிஸ் 750 பி.ஹெச். 8.8, அமோனியம் சல்பேட் 200, ட்வீன் 20 0.1 சதவீதம், மெக்னீசியம் தனியாக. இலையிலிருந்து சி.டி.ஏ.பி. முறையில் எடுத்த டி.என்.ஏ.வில் பாலிசாக்கரைடும் பினாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ரியாக்ஷனில் பி.எஸ்.ஏ. மி.லி.க்கு 0.2 மி.கி. சேர்த்தால் அடைப்பு பெரும்பாலும் விலகும்.

ட்ரிஸில் நம் ஊருக்கென்று ஒரு பொறி உண்டு. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ட்ரிஸின் பி.ஹெச். 0.028 இறங்கும். ஏப்ரல், மே மாதத்தில் ஏ.சி. இல்லாத தயாரிப்பு அறையில் 36 டிகிரியில் 8.0 வைத்தால், அது 25 டிகிரியில் 8.3. மார்கழியில் செய்த பஃபரும் சித்திரையில் செய்த பஃபரும் ஒரே லேபிளில் இரு வேறு பஃபராக இருக்கும். மீட்டரில் வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது எலக்ட்ரோடின் சரிவைத்தான் திருத்தும், ட்ரிஸ் மாறுவதைத் திருத்தாது. தண்ணீர்த் தொட்டியில் 25-க்குக் குளிரவைத்து அளப்பது ஒன்றே வழி. ஸ்டோரேஜ் பஃபருக்கு இது பெரிதில்லை, பி.சி.ஆர். பஃபருக்குப் பெரிது. 8.3 வைத்ததே 72 டிகிரியில் 7.0 ஆகிவிடும், அதற்கும் கீழே தொடங்கினால் நீட்சி மந்தமாகும்.

போர் தண்ணீரை நேராக டிஸ்டிலேஷனில் விடும் ஆய்வகங்களில் சுருளில் உப்பு படிந்து, தெறித்த நீரும் சேர்ந்து வரும். பஃபர் தண்ணீரின் கடத்துதிறனை மாதம் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

---

அரசலாறு

கல்ச்சர் பக்கம் யாரும் போகலை, நான் இரண்டு வார்த்தை. ஐ.பி.டி.ஜி. 1 மில்லிமோலார் வீண், 0.5 போதும். லிட்டருக்கு ஒரு மோலார் ஸ்டாக் அரை மி.லி. ஒரு லிட்டரை ஒரே ஃபிளாஸ்க்ல ஊத்தியிருந்தீங்கன்னா காத்து பத்தாது. 2 லிட்டர் ஃபிளாஸ்க்ல 500 மி.லி.க்கு மேல வேண்டாம்.

ஸ்டார்ட்டர் கல்ச்சரை ஓர் இரவு முழுக்க விட்டு மறுநாள் அப்படியே ஊத்தறதுதான் ஆம்பிசிலின்ல பெரிய தொல்லை. பீட்டாலாக்டமேஸ் வெளியில கசிஞ்சு ஆம்பிசிலினைத் தின்னுடும், பிளாஸ்மிட் இல்லாத செல் வேகமா வளர்ந்து இடத்தைப் பிடிச்சுக்கும். ஓ.டி. ஜோரா ஏறும், ஜெல்ல பேண்டு இருக்காது. ஸ்டார்ட்டரைச் சுத்தி, பழைய மீடியத்தைக் கொட்டி, புது எல்.பி.யில கரைச்சுப் போடுங்க. ஸ்டார்ட்டர்ல குளுக்கோஸ் ஒரு சதவீதம் இருந்தா, ஐ.பி.டி.ஜி. போடுறதுக்கு முன்னாடியே டாக் புரதம் உருவாகறதும் அடங்கும். அடுத்த தடவை குளோனிங் செய்யறப்போ கனமைசின் வெக்டருக்கு மாறிடுங்க, இந்தத் தலைவலியே இருக்காது.

ஓ.டி. 0.7-ஐ நேரா படிச்சீங்களா, நீர்த்துப் படிச்சீங்களா? 0.4-க்கு மேல பல மெஷின் குறைச்சுத்தான் காட்டும்.

---

கொள்ளிடம்

ஐஸ் பத்தி ஒரு வார்த்தை. ஐஸ் மெஷின் இல்லாத லேப் எல்லாம் மீன் ஐஸ் வாங்கி ஓட்டுது. வெளியில குளிர வெக்க அது தாராளம். ஆனா உடைச்ச ஐஸ்ல டியூபை நேரா செருகினா மூடி இடுக்குல அழுக்குத் தண்ணி ஏறும், திறக்கும்போது உள்ளே சொட்டும். பாலித்தீன் பையில ஐஸைக் கட்டி அது மேல ரேக் வைங்க.

அப்புறம் ஐ.பி.எஸ்.சி.யில சொல்லியாச்சா? பி.எல்.21-ல டாக் செய்றது ஆபத்து குறைஞ்ச வகைதான், ஆனாலும் மறுசேர்க்கை டி.என்.ஏ. வேலை. 1989 விதி, 2017 வழிகாட்டி இரண்டுமே நிறுவன உயிரிப்பாதுகாப்புக் குழுவுக்குத் தெரியப்படுத்தணும்னு சொல்லுது. கல்ச்சர் கழிவை 121 டிகிரியில அரை மணி நேரம் ஆட்டோகிளேவ் செய்ங்க. பிளீச் ஊத்தினதை ஆட்டோகிளேவ்ல வெக்காதீங்க, குளோரின் கிளம்பும். நிக்கல் கழுவல் சிங்க்குக்குப் போகக்கூடாது, தனிக் கேன்.

---

கல்லணைக்கால்வாய்

ஐ.பி.எஸ்.சி.யில் பதிவு இருக்கிறது சார். திரும்பச் சூடாக்கிப் பார்த்ததில் 60 பேண்டு போய்விட்டது. ஈ.கோலைதான்.

சேமிப்பு பற்றி: மைனஸ் 80-லிருந்து மாற்றவேண்டுமா? ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் மின்சாரம் நாள்கணக்கில் போகும்.

---

வெண்ணாறு

மாற்றிவிடுங்கள். 50 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 20-ல் உறையாமல் திரவமாகவே இருக்கும், எடுத்தவுடன் பயன்படுத்தலாம். மைனஸ் 80-ல் உறைந்து, ஒவ்வொரு முறையும் உருக்கவேண்டியிருக்கும். ஃப்ராஸ்ட்ஃப்ரீ ஃப்ரீசர் தானாகவே அவ்வப்போது சூடேறி இறங்கும், அதில் வைப்பதானால் தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். கெட்டி ஸ்டாக்கை 200 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, வொர்க்கிங் ஸ்டாக்கை மட்டும் தினமும் தொடுங்கள்.

2018 கஜாவுக்குப் பிறகு நாகை, திருவாரூர்ப் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. டாக்குக்கு அதனால் அச்சம் வேண்டாம். 95 டிகிரியில் பாதி ஆக்டிவிட்டி போகவே 40 நிமிடம் ஆகும் என்சைம் அது. அறை வெப்பத்தில் சில நாள் கிடந்தாலும் கிளிசராலில் தாங்கும், திரும்ப வைக்குமுன் ஒரு டைட்ரேஷன் போதும். டி.என்.டி.பி.யும் (டி.என்.ஏ. கட்டும் மூலப்பொருள்) பிரைமரும்தான் முதலில் காப்பாற்ற வேண்டியவை.

---

அரசலாறு

இதை நம்பி, ஆர்.என்.ஏ.விலேருந்து டி.என்.ஏ. செய்ற ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸையும் (ஆர்.டி.) இதே மாதிரி செய்யலாம்னு யாராவது கிளம்பிடப் போறாங்க. வாழை முடிக்கொத்து வைரஸ் டி.என்.ஏ. வைரஸ், அதுக்கு டாக் மட்டும் போதும். பிராக்ட் மொசைக் ஆர்.என்.ஏ. வைரஸ், அதுக்கு ஆர்.டி. வேணும். எம்.எம்.எல்.வி. ஆர்.டி. 75 டிகிரியில ஈ.கோலை புரதத்தோட சேர்ந்து திரிஞ்சுடும், அதனால வெப்பப் படி கிடையாது. 18 டிகிரியில ஓர் இரவு இண்டக்ஷன், நிக்கலுக்கு அப்புறம் ஹெபரின் காலம், ஆர்.என்.ஏஸ் சோதனை கட்டாயம். அறை வெப்பத்தில விட்டா வீணாப் போயிடும். வேணும்னா தனி இழை போடுங்க, வர்றேன்.

---

குடமுருட்டி

தம்பி, டியூப் லேபிள்ல பேட்ச் எண், எந்த நீர்த்தல், டைட்ரேஷன் தேதி, டி.என்.ஏஸ் போட்டதா இல்லையா, இந்த நாலும் இருக்கட்டும். "டாக்"னு மட்டும் எழுதின டியூப் எந்த லேப்லயும் நிறைய இருக்கு, எது கெட்டி எது நீர்த்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.